வேலை பிடிக்கவில்லை, பி.எச்டி. படிக்கப் போகலாமா?

(நமது அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இந்தப் பத்துப் பதினைந்து வருடங்களில் மாறிவிட்டது. முன்பெல்லாம் பிள்ளைக்கு பி.இ. இடம் கிடைத்திருக்கிறது, முதல் தவணை கட்டப் பணம் வேண்டும் என்று வருவார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். மீஞ்சூரிலும் கவரைப்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் வேலையில் இருக்கிறார்கள். இப்போது அதே பிள்ளை, இருபத்தாறு இருபத்தேழு வயதில், தனியாக வந்து உட்கார்ந்து, "பாய், வேலைல மனசு ஒட்டல. பி.எச்டி. பண்ணலாமான்னு இருக்கேன். அத்தாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்கிறது. இந்த வருடம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் பெண். அதனால்தான் இன்றைய கூட்டத்தை இந்த ஒரு கேள்விக்கே வைத்தோம்.

மூவரில் ஒருவருடைய நிலையை மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம். மெக்கானிக்கல் படித்தவர். நான்கு வருடமாக ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு எஞ்சினியர். கைக்கு வருவது மாதம் 23,000. காலையில் நம்ம ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் திரும்ப இருட்டிவிடும். ஒரு மணிக்கு ஒரு முறை மீட்டர் அளவைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மிஷின் நின்றால் வெளியிலிருந்து கம்பெனி ஆள் வந்து சரிசெய்வார். இவர் பக்கத்தில் நிற்பார். ஏன் நின்றது என்று கேட்டால், "அது உன் வேலை இல்லை" என்பார்களாம். அவர் என்னிடம் சொன்ன குறை சம்பளத்தைப் பற்றியது அல்ல. "நாலு வருஷத்துல நான் புதுசா ஒண்ணும் கத்துக்கல பாய்" என்றார்.

அவருடைய அத்தா அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பிட்டர் வேலை பார்த்தவர். அவர் கேட்டதும் நியாயம்தான். "தங்கச்சிக்கு இன்னும் நிக்காஹ் முடியல. இருபத்தேழு வயசுல திரும்பவும் படிப்பா? முடிச்சா என்ன கிடைக்கும்?" இந்தக் கேள்வியைக் குறை சொல்லாதீர்கள். வெயிலிலும் சாம்பலிலும் நின்று மகனைப் படிக்க வைத்தவர் கேட்கிற கேள்வி அது. அதற்கு விவரத்தோடு பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

முதலில் பி.எச்டி. என்றால் என்ன என்று தாய்மார்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இது வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டு மார்க் வாங்கும் படிப்பு இல்லை. ஆரம்பத்தில் சில பாடங்கள் உண்டு, அதோடு சரி. பிறகு ஒரே ஒரு கேள்வி. இதுவரை யாரும் சரியாகப் பதில் சொல்லாத ஒரு கேள்வியை எடுத்து, ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் வருடக்கணக்கில் சோதனை செய்து, பதிலை எழுதி, வெளியிலிருந்து வரும் அறிஞர்கள் முன்னால் நின்று நிரூபிக்க வேண்டும். யுஜிசி 2022ல் கொண்டுவந்த விதிப்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். பொறியியலில் நான்கரை ஐந்து வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மார்க்கத்தின் வரலாற்றில் இது புதிய விஷயமும் இல்லை. ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஒரே ஒரு நபிமொழியை நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள மதீனாவிலிருந்து ஷாம் தேசத்துக்கு ஒரு மாதம் பயணம் போனார்கள். ஒரு விஷயத்துக்காக ஒரு மாதப் பயணம். மதரஸாவில் ஏழு வருடம் ஓதுகிற பிள்ளையிடம் "முடிச்சா எவ்வளவு சம்பளம்" என்று நாம் முதல் நாளே கேட்பதில்லை. எஞ்சினியர் பிள்ளையிடம் மட்டும் கேட்கிறோம். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அது ஒன்றை மட்டுமே கேட்கக் கூடாது.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கே பல பெற்றோருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பி.எச்டி. என்றால் நாம் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும், வங்கிக் கடன் வாங்க வேண்டும், வட்டி வரும் என்று பயப்படுகிறார்கள். ஐஐடி, என்ஐடி, மத்திய அரசு ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் முழுநேர ஆராய்ச்சி மாணவராக உதவித்தொகையோடு சேர்ந்தால், அவர்கள் நமக்குப் பணம் தருகிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து அந்தத் தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதற்குப் பிறகு மாதம் 42,000. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று இன்னொன்று இருக்கிறது; போட்டி மிகக் கடுமை, கிடைத்தால் மாதம் 70,000த்தில் தொடங்கும். இப்போது நான் சொன்ன தம்பியின் 23,000த்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவருடைய அத்தா இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் அவசரப்படாதீர்கள். இந்தப் பணத்துக்கு பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. வருடம் முடிந்தால் நின்றுவிடும். சில இடங்களில் மாதக்கணக்கில் தாமதமாகவும் வரும். இன்னொரு பக்கம், தனியார் கல்லூரியில் உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தால், கட்டணத்தையும் நாமே கட்டி வீட்டுச் செலவையும் நாமே பார்க்க வேண்டும். ஆகவே "பி.எச்டி. போகலாமா" என்ற கேள்விக்குள்ளேயே "எந்த இடத்தில், யார் பணத்தில்" என்ற கேள்வி இருக்கிறது. உதவித்தொகை இல்லாத முழுநேர இடத்துக்கு, வீட்டில் வேறு வருமானம் இல்லாத பிள்ளை போக வேண்டாம் என்பதே என் கருத்து. இதைக் கேட்டுச் சில பேராசிரியர்கள் வருத்தப்படலாம், பரவாயில்லை.

நம் சமுதாயப் பிள்ளைகளுக்கென்று ஒரு வழி இருந்தது. மௌலானா ஆசாத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை. 2009ல் தொடங்கியது. சிறுபான்மைச் சமுதாய மாணவர்கள் ஆராய்ச்சிப் படிப்புக்கு அதைப் பெற்றார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு அதை நிறுத்திவிட்டதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தது. மற்ற உதவித்தொகைகளிலேயே சிறுபான்மையினரும் பெறலாம், இது இரட்டிப்பாக இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் தொடர்ந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இங்கே அதை விரித்துப் பேசப் போவதில்லை. பழைய பத்திரிகைத் துணுக்கை வைத்துக்கொண்டு இன்னமும் அதை நம்பி வருகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன். அந்தக் கதவு மூடியிருக்கிறது. திறந்திருக்கும் கதவு கேட் தேர்வும் யுஜிசி, சிஎஸ்ஐஆர் தேர்வுகளும்தான்.

இதோடு சேர்ந்த ஒரு சின்ன விஷயம், ஆனால் பல பேர் கோட்டைவிடுவது. நம்மிடம் இருக்கும் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் தமிழக அரசின் 3.5 சதவீத ஒதுக்கீட்டுக்கானது. ஐஐடி மாதிரி மத்திய நிறுவனத்தில் அது செல்லாது. அங்கே ஓபிசி சான்றிதழ், அதுவும் கிரீமிலேயரில் வராதவர் என்ற சான்றிதழ் வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் வகுப்பினர் தமிழ்நாட்டுக்கான மத்திய பட்டியலில் இருக்கிறார்கள். அதை முன்கூட்டியே வாங்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஓடாதீர்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இப்படிக் கேட்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பெயரைச் சொல்கிறார்கள்: டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அவரைப் போல் ஆக வேண்டும், அதனால் பி.எச்டி. என்கிறார்கள். தம்பிகளே, கலாம் அவர்கள் பி.எச்டி. படித்தவர் இல்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், குரோம்பேட்டை எம்ஐடியில் வானூர்திப் பொறியியல், அத்தோடு வேலைக்குப் போனார். பெயருக்கு முன்னால் உள்ள டாக்டர் பட்டம் பல்கலைக்கழகங்கள் பிற்பாடு மதிப்பளித்துக் கொடுத்தது. விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தார்கள், இவர் ஒன்பதாவது. பிறகு பாதுகாப்புத் துறை வேலை, பெங்களூரு. அங்கே ஒரு ஹோவர்கிராஃப்டை உருவாக்கும் பொறுப்பு. தரைக்கு மேலே காற்று மெத்தையில் மிதந்து போகும் வண்டி. நந்தி என்று பெயர். செய்து காட்டினார்கள், ஓடியது. அப்புறம் அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள்.

நினைத்துப் பாருங்கள். உயிரைக் கொடுத்துச் செய்த வேலையை மூலையில் போட்டாயிற்று. நம் தம்பிக்கு வந்திருக்கும் மனநிலை அன்று அவருக்கும் வந்திருக்காதா? அப்போது அவர் தேடிப் போனது பட்டத்தை அல்ல, வேறு வேலையை. அந்த ஹோவர்கிராஃப்டைப் பார்க்க வந்த பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் கேட்ட கேள்விகளுக்கு இவர் சொன்ன பதில்கள்தான், விக்ரம் சாராபாயின் ராக்கெட் பணிக்கான நேர்காணலுக்கு இவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. 1962ல் தும்பா. 1980 ஜூலை 18ல் எஸ்எல்வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அதற்கு முந்தின வருடம் ஆகஸ்டில் அதே ராக்கெட் கடலில் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் சமுதாயப் பெண்மணி செங்கோட்டை நிகர் ஷாஜி அவர்களைப் பாருங்கள். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பி.இ., பிறகு ராஞ்சி பிஐடியில் எம்.இ., 1987ல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2ல் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1க்கு அவர்தான் திட்ட இயக்குநர்.

அப்படியென்றால் பி.எச்டி. தேவையே இல்லையா? அதே மண்ணிலிருந்து வேறு வகை உதாரணமும் இருக்கிறது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல். விழுப்புரத்துக்காரர். தந்தை ரயில்வேயில் டெக்னீஷியன். இவர் பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தார். டிப்ளமோ என்றால் இரண்டாந்தரம் என்று நினைக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சென்னையில் பி.இ., திருச்சியில் எம்.இ., கோவையில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர் வேலை, அப்புறம் பெங்களூரு எச்ஏஎல்லில் ஹெலிகாப்டர் பிரிவு, அதன் பிறகுதான் இஸ்ரோ. இஸ்ரோவில் இருந்துகொண்டேதான் சென்னை ஐஐடியில் பி.எச்டி. செய்தார். என்ன தலைப்பு தெரியுமா? செயற்கைக்கோளில் உள்ள மின்னணுப் பெட்டிகளுக்கு ஏற்படும் அதிர்வை எப்படி அடக்குவது என்பது. ராக்கெட் கிளம்பும்போது வரும் அதிர்வில் உள்ளே இருக்கும் சர்க்யூட் கெட்டுவிடக் கூடாது. அது அவர் தினமும் வேலையில் சந்தித்த பிரச்சினை. நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளை சிவன் அவர்களும் அப்படித்தான். 1982ல் இஸ்ரோவில் சேர்ந்தார். மும்பை ஐஐடியில் பி.எச்டி. முடித்தது 2006ல். இடையில் 24 வருடம். பிறகு இஸ்ரோ தலைவரே ஆனார். இருபத்தேழு வயதில் நேரமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இந்த நான்கு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. வேலை கசந்ததால் மட்டும் அவர்களில் யாரும் பி.எச்டி.க்குப் போகவில்லை. கேள்வி இருந்தவர்கள் போனார்கள். செய்ய வேலை இருந்தவர்கள் வேலையைச் செய்தார்கள். அதனால் என்னிடம் வரும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது: உனக்குப் பிடிக்காதது எது? ஷிப்டா, மேலதிகாரியா, ஒப்பந்த வேலை என்கிற அவமானமா, சம்பளமா? இவற்றுக்கெல்லாம் மருந்து வேறு கம்பெனி. பி.எச்டி.யிலும் மேலதிகாரி உண்டு, வழிகாட்டிப் பேராசிரியர் என்று பெயர். கம்பெனியில் மேலாளரைப் பிடிக்காவிட்டால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வந்துவிடலாம். வழிகாட்டியைப் பாதியில் மாற்றுவது அவ்வளவு லேசு இல்லை. சேருவதற்கு முன்பே, அவரிடம் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் இரண்டு பேரை டீக்கடைக்கு அழைத்துப் போய் விசாரியுங்கள். நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளையை விசாரிப்பது மாதிரி விசாரியுங்கள். கல்லூரியின் பெயரைவிட அது முக்கியம்.

"ஏன் மிஷின் நின்றது என்று எனக்குத் தெரிய வேண்டும், யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. நம் தம்பியிடம் எனக்கு அது தெரிந்தது. பேரிங் சூடாவதற்கு முன்னாலேயே சத்தத்தில் ஒரு மாற்றம் வருகிறது என்று அவராகவே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். கம்பெனி கேட்காத நோட்டு அது. அதிர்வையும் சத்தத்தையும் வைத்து இயந்திரக் கோளாறை முன்கூட்டியே கண்டுபிடிப்பது உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கும் துறை. அவருக்கு அது தெரியாமலேயே அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

நம் பகுதியில் கேள்விக்கா பஞ்சம்? இங்கே பிறந்த எஞ்சினியர் ஆராய்ச்சித் தலைப்புக்காக இணையத்தில் தேடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டு மொட்டைமாடியில் கையை வைத்தால் சாம்பல் ஒட்டுகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரும் எரிக்கும் கரியில் மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் குழம்பாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஏன் இத்தனை முறை உடைகிறது? உள்பக்கம் எங்கே தேய்கிறது, எவ்வளவு நாளில் தேயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? சாம்பலைச் சிமென்டுக்குப் பதிலாக எவ்வளவு சேர்க்கலாம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் வாளியில் அள்ளினார்கள். அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடலுக்கு அடியில் கசிவதை முதல் நிமிடத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? இவையெல்லாம் பொறியியல் கேள்விகள். இந்த ஊரில் மூச்சுவிட்ட ஒருவர் இவற்றில் ஐந்து வருடம் உழைத்தால், அந்தப் பட்டத்தின் பலன் அவருடைய விசிட்டிங் கார்டோடு நிற்காது.

"முடித்தால் என்ன கிடைக்கும்" என்ற அத்தாவின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கல்லூரியில் இணைப் பேராசிரியர் பதவிக்கு பி.எச்டி. கட்டாயம். ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ பொறியியல் கல்லூரிகள் மூடப்பட்டுவிட்டன, இருக்கும் பலவற்றில் சம்பளம் சொல்லும்படி இல்லை. ஒரே பேராசிரியர் பெயரைப் பல கல்லூரிகளில் கணக்குக் காட்டியது 2024ல் வெளியே வந்ததே, படித்திருப்பீர்கள். ஆளுக்குப் பதில் பெயர் போதும் என்று நினைக்கிற கல்லூரிகளை நம்பி ஐந்து வருடத்தைப் போடாதீர்கள். பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடங்கள், இஸ்ரோ, பெரிய கம்பெனிகளின் ஆராய்ச்சி மையங்கள் என்று வேறு இடங்கள் உண்டு. நமக்குப் பக்கத்திலேயே வெள்ளிவாயல்சாவடியில் அசோக் லேலண்டின் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. சவூதி என்றால் வேலைக்குப் போகும் இடம் என்றுதான் நமக்குத் தெரியும். ஜித்தாவுக்கு வடக்கே துவலில் மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2009லிருந்து இயங்குகிறது. அங்கே தேர்வாகிச் சேருகிறவர்களுக்குக் கட்டணமும் இல்லை, செலவுக்கும் கொடுக்கிறார்கள். வளைகுடாவுக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டி அனுப்பும் குடும்பங்கள் இதையும் ஒருமுறை விசாரிக்கலாம். எதுவாக இருந்தாலும், பட்டம் வாங்கிய மறுநாளே வேலை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நானும் தரமாட்டேன்.

இன்னொன்று. ஆய்வேட்டை எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் கட்டுரை வெளியிடப் பத்திரிகை இருக்கிறது என்று சில புரோக்கர்கள் சுற்றுகிறார்கள். அப்படி வாங்கிய பட்டத்தால் வரும் சம்பளம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. யுஜிசியின் 2022 விதியில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைக்கூட எடுத்துவிட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கும் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் தங்கைக்காகக் கொஞ்சம். அவருடைய உம்மா பின்வரிசையில் இருக்கிறார்கள் என்பதால் பார்த்துப் பேசுகிறேன். "படிச்சுக்கிட்டே போனா மாப்பிள்ளை கிடைக்காது" என்கிறார்கள். விதி என்ன சொல்கிறது? பெண்களுக்கு ஆறு வருடத்துக்கு மேலும் 2 வருடம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பேறுகாலத்துக்கும் குழந்தையைப் பார்க்கவும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. நிக்காஹ்வும் படிப்பும் சேர்ந்து போகும்படியாகவே விதி இருக்கிறது. இன்னும் யாரென்றே தெரியாத ஒரு மாப்பிள்ளை மறுத்துவிடுவார் என்று நினைத்து, அவர் சார்பில் நாமே இன்று மறுப்பது என்ன நியாயம்? சம்பந்தம் பேசும்போது இதையும் ஒரு பேச்சாக வையுங்கள்.

நேரே வேலையை விட்டுவிடுவதற்கு முன்னால் செய்து பார்க்கக்கூடியவை சில உண்டு. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள் இணையத்தில் இலவசம். பரீட்சைக்கு மட்டும் சிறு கட்டணம். உங்கள் துறையில் 12 வாரப் பாடம் ஒன்றை எடுத்து, ஷிப்டு முடிந்து வந்து படித்து, பரீட்சை எழுதிப் பாருங்கள். 12 வாரம் உட்கார முடியாதவர் ஐந்து வருடம் உட்கார முடியுமா என்று தாமே முடிவு செய்யலாம். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். ஆகவே தேர்வு எழுதுவதால் வேலை போகாது, முடிவும் எடுத்ததாக ஆகாது. கையில் ஒரு சீட்டு இருக்கும். தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் மாதிரி சிஎஸ்ஐஆர் கூடங்கள் திட்ட உதவியாளர் பணிக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுப்பார்கள். ஒரு வருடம் அங்கே இருந்து பார்த்தால் ஆராய்ச்சி என்பது எப்படிப்பட்ட பிழைப்பு என்று தெரிந்துவிடும். பி.இ. முடித்தவர்கள் ஐஐடியில் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பில் சேரலாம், பிடித்திருந்தால் அங்கிருந்தே பி.எச்டி.க்கு மாறலாம். வேலையை விட முடியாத குடும்பத்தில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர பி.எச்டி. உண்டு, தகுதி பெரும்பாலும் எம்.இ. கேட்பார்கள், கம்பெனியிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஷிப்டு வேலையோடு அது மிகக் கடினம். வாரத்தில் ஆறு நாள் 12 மணி நேரம் வேலை பார்ப்பவரிடம் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சேர்ந்த பிறகு வீட்டார் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2023ல் சென்னை ஐஐடியிலேயே ஆராய்ச்சி மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி நமக்கெல்லாம் வந்தது. இந்தப் படிப்பில் ஆறு மாதம் செய்த சோதனை ஒன்றுமில்லாமல் போகும். அந்த நேரத்தில் போன் செய்து "எப்ப முடியும், எப்ப வேலை" என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். இடையில் விட்டுவிட்டு வருகிறேன் என்று பிள்ளை சொன்னால் வரட்டும், வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று முன்பே சொல்லி வையுங்கள்.

முடிவு எடுப்பதைப் பொறுத்தவரை, நமக்கு இஸ்திகாரா தொழுகை இருக்கிறது, மஷூராவும் இருக்கிறது. சிலர் இஸ்திகாரா தொழுதுவிட்டு கனவு வரும் என்று காத்திருக்கிறார்கள். விசாரிக்க வேண்டியதை விசாரித்து, கலந்து பேச வேண்டியவர்களிடம் பேசி, நம் கையில் உள்ளதைச் செய்துவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பதுதான் முறை என்று ஆலிம்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மஷூராவில் அத்தாவும் உட்கார வேண்டும். வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து சொல்வது மஷூரா ஆகாது.

நம் நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார்: "பத்தாம் வகுப்புக்கே வழியில்லாத பிள்ளைகள் இருக்கும்போது டாக்டர் பட்டத்துக்கா நம் பணம்?" அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்காக ஒரு மாலை முழுக்கப் பேசினோம். முடிவு இது. பி.எச்டி. கட்டணத்துக்கு அறக்கட்டளை பணம் தராது. உதவித்தொகை உள்ள இடத்துக்குப் போகச் சொல்லும். கேட் தேர்வுக் கட்டணம், நேர்காணலுக்குப் போய்வரும் ரயில் செலவு, இவற்றை வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கும். சேர்ந்த பிறகு உதவித்தொகை வரத் தாமதமாகும் மாதங்களில் வீடு திண்டாடாமல் இருக்க, கர்ழே ஹஸனாவாக, வட்டியில்லாமல், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குக் கைமாற்று தரும். உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். ஜகாத் கணக்கிலிருந்து இதற்கு எடுக்கலாமா என்பதை ஆலிம்களிடம் விட்டிருக்கிறோம். அவர்கள் பதில் வரும் வரை பொது நிதியிலிருந்து மட்டும்தான்.

கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் திறக்கும். பெண்களுக்குக் கட்டணம் பாதிதான். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சிவில் மூன்றுக்கும் பழைய வினாத்தாள் புத்தகங்கள் நம் நூலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், பேனாவால் விடையைக் குறித்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு மாடி அறை படிக்கிறவர்களுக்காகத் திறந்திருக்கும். நான் சொன்ன தம்பி அங்கே வர ஆரம்பித்துவிட்டார், வேலையை விடாமலேதான். அவருடைய அத்தா போன வாரம் வந்து, மாடியில் ஃபேன் சரியாக ஓடவில்லை என்று ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்துவிட்டுப் போனார். ஓபிசி சான்றிதழ் விவரம் வேண்டுவோர் இஷாவுக்குப் பிறகு அலுவலகத்தில் என்னைப் பார்க்கலாம். அசல் ரேஷன் கார்டும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் கொண்டுவாருங்கள்.